ப்ரியம்வதா உபவாசம் இருந்த கதை

ப்ரியம்வதா என்றால் இனிமையாகப் பேசுகிறவள் என்று அர்த்தம். பாலச்சந்திரன் தன் மகளுக்கு அந்தப் பெயரைச் சும்மா வைத்துவிடவில்லை. நூற்றுப் பதினாலு பெயர்களை எக்ஸெல் ஷீட்டில் ஏற்றி, அர்த்தம், ஓசை, நட்சத்திரம் என்று தனித்தனியாக மார்க் கொடுத்து, கடைசியில் முதலிடம் பிடித்த பெயர் அது. பிற்பாடு வேலை மாறிக் கோயமுத்தூரிலிருந்து புனேக்குக் குடிபோவோம், அங்கே இந்தப் பெயரை இங்கிலீஷில் எழுதினால் கடைசி நாலு எழுத்து ‘வடா’ என்று தனியாக எழுந்து நிற்கும், அந்த ஊரில் வடா என்பது பாவ் என்கிற ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கடிக்கிற பண்டம் என்பதற்கெல்லாம் அந்த ஷீட்டில் கட்டம் கிடையாது.

புனேயில் கராடிப் பக்கம் பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் நாளே பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆறு வருஷமாக வடாதான். அதுகூட அவளுக்குப் பெரிய குறையில்லை. ஊரே வடா என்று கூப்பிடுகிற ஒருத்தி பிறந்ததிலிருந்து ஒரு வடா தின்றதில்லை, அதுதான் குறை.

காரணம், அப்பாவின் மெசேஜ்.

அவர்கள் குடியிருந்த ஸ்வர்ண கமல் சொஸைட்டியில் நாலு விங், இருநூத்திச் சொச்சம் வீடு, எல்லாருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு. அந்தக் குழுவில் பாலச்சந்திரன் ஓர் அட்மின். தவிர, சொஸைட்டியின் ஆரோக்கியக் கமிட்டிக்குத் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அவரே. குழுவைத் திறந்தால் உச்சியில் மூன்று விஷயம் பின் போட்டுக் குத்தி வைக்கப்பட்டிருக்கும். ஒன்று, தண்ணீர் லாரி வருகிற நேரம். இரண்டாவது, பி விங் லிஃப்ட் ரிப்பேர். மூன்றாவது, ப்ரியம்வதா.

‘அன்புள்ள குடியிருப்பாளர்களுக்கு’ என்று இங்கிலீஷில் ஆரம்பிக்கும். ‘எங்கள் மகள் ப்ரியம்வதாவுக்கு, பி 703, கீழ்க்கண்டவற்றைத் தயவுசெய்து தர வேண்டாம்: வெள்ளைச் சர்க்கரை, மைதா, பாமாயில், கேக், சாக்லேட், ஐஸ்கிரீம், பிஸ்கட், பாக்கெட் சிப்ஸ், குளிர்பானம், வடாபாவ், சமோசா, இன்ன பிற பேக்கரி வகையறா. எங்கள் மண்ணின் பாரம்பரிய உணவுகளுக்கு மட்டும் அனுமதி உண்டு. உங்கள் ஒத்துழைப்பே எங்கள் ஆரோக்கியம்.’

குத்தி வைத்த மெசேஜ் முப்பது நாள்தான் நிற்கும். முப்பத்தோராம் நாள் காலையில் பாலச்சந்திரன் பல் விளக்குவதற்கு முன்னால் அதை மறுபடி குத்துவார். லிஃப்ட்கூட இரண்டு தடவை சரியாகி, மேலே போய், கீழே வந்து, மறுபடி பழுதாகிவிட்டது. ப்ரியம்வதா மட்டும் இறங்கவேயில்லை.

இதன் பலன் பிறந்தநாள் விழாக்களில் தெரியும். கேக் வெட்டியதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பேப்பர் தட்டு. அவளுக்கு மட்டும் உள்ளேயிருந்து ஒரு ஸ்டீல் தட்டு வரும். எட்டுத் துண்டு வெள்ளரிக்காய், ஒரு கை மக்கானா என்கிற வறுத்த தாமரை விதை. அதை நீட்டும்போது ஆன்ட்டிகளின் முகம் ஆஸ்பத்திரியில் ஆரஞ்சுப் பழம் கொண்டுவருகிறவர்களின் முகம் மாதிரி ஆகிவிடும். ஏப்ரலில் ஏ விங்கில் ஒரு விழா. புதிதாகக் குடிவந்த பையன் ஒருவன் ஸ்டீல் தட்டைப் பார்த்துவிட்டு, “இவளுக்கு என்ன வியாதி?” என்று கேட்டான். பக்கத்திலிருந்தவன், “தெரியாது, ஆனா பின் பண்ணி வெச்சிருக்காங்க, பெரிய வியாதியாத்தான் இருக்கும்” என்றான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ப்ரியம்வதா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அப்பா, அந்த மெசேஜ எடுங்க.”

பாலச்சந்திரன் சோபாவில் உட்கார்ந்து, விரலில் போட்டிருந்த மோதிரம் ராத்திரி அவர் எவ்வளவு ஆழமாகத் தூங்கினார் என்று சொல்வதைப் போனில் படித்துக்கொண்டிருந்தார். “எந்த மெசேஜ் கண்ணு?”

“என் மெசேஜ். எல்லாரும் எனக்கு பிமாரின்னு நெனைக்கறாங்க.”

“நெனைக்கட்டும். நாளைக்கு அவங்களுக்குத்தான் வரப்போகுது. உங்க தாத்தாவுக்கு என்ன ஆச்சு?”

ப்ரியம்வதாவுக்குத் தெரியும். தாத்தாவுக்குச் சர்க்கரையில் கால் போய்விட்டது. ஜிலேபியைக் கண்டால், ஜிலேபி விளம்பரத்தைக் கண்டால், வட்டமாக ஆரஞ்சு நிறத்தில் எதைக் கண்டாலும் அப்பா அதைச் சொல்லுவார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கரகரக்கும். அது நடிப்பில்லை என்றும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை வருஷம் வெள்ளரிக்காயைத் தின்றுகொண்டிருந்தாள்.

“நான் என்ன சாப்பிடறதுன்னு நானே சொல்லிக்கறேன். நீங்க குழுவுல சொல்லாதீங்க. எதிர்வீட்டு நீலா பர்த்டே வருது ஜூலைல. அன்னைக்கு எனக்கு பேப்பர் தட்டு வேணும்.”

“பதினெட்டு வயசாகட்டும். அப்புறம் நீயே முடிவு பண்ணு.”

“ஆறு வருஷம் இருக்கு.”

“ஆறு வருஷம்ங்கறது ஒடம்போட கணக்குல ஒண்ணுமே இல்ல கண்ணு” என்று பாலச்சந்திரன் மறுபடி மோதிரத்தின் அறிக்கைக்குத் திரும்பினார்.

சரி, போராட்டம்தான் என்று ப்ரியம்வதா முடிவு கட்டினாள். சரித்திரப் புத்தகத்தில் பெரிய மனிதர்களெல்லாம் என்ன செய்தார்கள்? சாப்பிட மாட்டேன் என்று படுத்துக்கொண்டார்கள். எதிராளி ஆடிப்போய் ஓடிவந்தான். அதற்குத் தமிழில் உண்ணாவிரதம் என்று ஒரு வார்த்தை இருப்பது அவளுக்குத் தெரியாது. வீட்டுக்குள் மட்டும் பேசுகிற தமிழில் அந்த வார்த்தைக்கு இதுவரை வேலை வந்ததில்லை. தெரிந்த வார்த்தையைக் கையிலெடுத்தாள்.

வியாழக்கிழமை காலை, சாமைப் பொங்கல் தட்டை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளினாள்.

“நான் சாப்பிட மாட்டேன். இன்னைக்கு உபவாஸ்.”

பாலச்சந்திரனின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. ப்ரியம்வதா அவர் முகத்தையே பார்த்தாள். ஆடிப்போவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“கிரிஜா, கேட்டியா? கொழந்த உபவாசம் இருக்காளாம். தானா. யாரும் சொல்லாம.”

பாங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கிரிஜா, ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி மகளை ஒரு பார்வை பார்த்தாள். “பன்னண்டு வயசுப் புள்ளைக்கு என்னத்துக்குங்க உபவாசம்?”

“ஒருவேளை வயிறு காலியா இருந்தா ஒடம்பு தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும். நோபல் பரிசு வாங்கின விஷயம். நம்ம முன்னோர்கள் அப்பவே சொல்லிட்டாங்க.”

“அது இல்லப்பா. நான் எதுக்கு உபவாஸ்னா…”

“எதுக்குன்னாலும் சரி கண்ணு. காரணம் முக்கியமில்ல, கட்டுப்பாடுதான் முக்கியம்.” சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். இரண்டு நிமிஷத்தில் குழுவில் செய்தி ஏறிவிட்டது: ‘எங்கள் மகள் தன்னிச்சையாக உபவாசத்தைத் தொடங்கியிருக்கிறாள். ஒழுக்கம் வீட்டில் தொடங்குகிறது.’ நாற்பத்தேழு பேர் கும்பிட்டார்கள். பதினெட்டுப் பேர் கை தட்டினார்கள்.

போராடுகிறவனுக்கு அடி விழலாம், ஜெயில் கிடைக்கலாம். எதிர்த்தரப்பு எழுந்து நின்று கைதட்டினால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. ப்ரியம்வதா கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாத தன் போராட்டத்தைப் பதினோரு மணிவரை நடத்தினாள். வயிறு தன்னைச் சுத்தம் பண்ணிக்கொள்கிற மாதிரி தெரியவில்லை. சுரண்டிக்கொள்கிற மாதிரிதான் இருந்தது. கோடை விடுமுறை. எதிர்வீடு 704 நீலாவின் வீடு. கதவைத் தட்டினாள்.

திறந்தது நீலாவின் அம்மா, சுஷ்மா காகூ. மராத்தியில் காகூ என்றால் சித்தி, அத்தை, ஆன்ட்டி எல்லாம். சுஷ்மா காகூ சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள். பாலச்சந்திரனின் மெசேஜை அச்சடித்து ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். ஆறு வருஷத்தில் ப்ரியம்வதாவுக்கு அந்த வீட்டில் ஒரு பிஸ்கட்டின் உடைந்த மூலைகூடக் கிடைத்ததில்லை.

“ஏன் முகம் வாடியிருக்கு?”

“உபாஸ், காகூ” என்றாள் ப்ரியம்வதா மராத்தியில். அப்பாவிடம் எடுபடாத வார்த்தை இங்கேயாவது எடுபடட்டும் என்று அழுத்திச் சொன்னாள். “எதுவும் வேண்டாம். கடுமையான உபாஸ்.”

சுஷ்மா காகூவின் கண் கலங்கிவிட்டது. “குரூப்ல பார்த்தேன். குருவார உபாஸா? இந்த வயசுல? எனக்கும் இன்னைக்கு உபாஸ்தான். என் பொண்ணு ஒருத்தி இருக்கா, டிவி முன்னாடி படுத்துக்கிட்டு. வா, உள்ள வா. உபாஸ் இருக்கிற பொண்ணைப் பசியோட நிக்க வெச்சா எனக்கு நரகம்தான்.”

பசியோடு நிற்பதற்குப் பெயர்தானே உபாஸ் என்று ப்ரியம்வதா குழம்புவதற்குள் சமையலறையிலிருந்து எண்ணெய் காயும் வாசனை வந்தது. பத்து நிமிஷத்தில் அவள் முன்னால் ஒரு தட்டு இருந்தது. அதில் நாலு வடா. வெளியே மொறுமொறுவென்று பொன்னிறம், அங்கங்கே முத்து முத்தாக எதுவோ கண்ணாடி மாதிரி மினுங்கியது. பக்கத்தில் தயிர்.

“இது… வடா, காகூ.”

“சாபுதானா வடா. உபாஸாலா சாலதே.”

உபவாசத்துக்குச் செல்லும் என்று அர்த்தம். ப்ரியம்வதா அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்: அந்த ஊரில் உபவாசம் என்பது சாப்பிடாமல் இருப்பதல்ல. அரிசி, கோதுமை, பருப்புக்கு லீவு கொடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் வேலைக்குக் கூப்பிடுவது. உருளைக்கிழங்கு செல்லும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு செல்லும். நிலக்கடலை, நெய், வெல்லம், வாழைப்பழம் செல்லும். உருளைக்கிழங்கைக் குச்சி குச்சியாகப் பொரித்துக் கடலை போட்ட சிவடா ஒரு டப்பா நிறையச் செல்லும்.

அவள் ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். சுஷ்மா காகூவும் பார்த்தாள். சட்டம் சட்டம்தான். காகூ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தாள்.

“வடாபாவ்னு போட்டிருக்கார். இதுல பாவ் இல்ல. மைதா இல்ல. பாமாயில் இல்ல, கடலை எண்ணெய். சாபுதானான்னு எங்கேயும் போடல.” கடைசி வரியில் விரல் நின்றது. “எங்கள் மண்ணின் பாரம்பரிய உணவுகளுக்கு மட்டும் அனுமதி. ஹ்ம். இது உங்க மண்ணு இல்லையே.”

நீலா டிவி முன்னாலிருந்து எழுந்து வந்து சாபுதானா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பொடி எழுத்தில் தயாரிப்பாளர் முகவரி இருந்தது.

“சேலம், தமில் நாடு” என்று படித்தாள். “வடா, உங்க ஊர்தானே?”

“எங்க ஊருக்குப் பக்கம்” என்றாள் ப்ரியம்வதா.

ஜவ்வரிசி. சாபுதானா என்பது அப்பா பாயசத்தில் வரும் என்று சொல்லியிருந்த ஜவ்வரிசிதான். அவள் முதல் வடாவைக் கடித்தாள். உச்சரிக்க முடியாத ஒரு சத்தம் காதுக்குள் கேட்டது. அன்றைக்கு அவள் தின்றது ஏழு.

ராத்திரி வயிறு வலித்தது. வடா தந்த வலி என்று அவளுக்கே தெரிந்தது. “உபவாசம் எப்படி இருந்துச்சு கண்ணு?” என்று அப்பா கேட்டார்.

“நல்லா இருந்துச்சுப்பா.”

சாப்பிட்டாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அதற்கப்புறம் வந்த வியாழக்கிழமைகளிலும் அவர் கேட்கவேயில்லை. உபவாசம் இருக்கிறவளிடம் போய்ச் சாப்பிட்டாயா என்று எந்தக் கோயமுத்தூர்க்காரர் கேட்பார்? கிரிஜா மட்டும் ஒருநாள் மகளின் கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், “நெலக்கடலை மணக்குது” என்றாள். வாரத்தில் ஒரு ராத்திரியாவது அந்த வீட்டில் அப்பா குடிக்கச் சொல்கிற பாகற்காய்ச் சாறு பற்றிச் சண்டை நடக்காமல் இருந்தது. அதைக் கெடுப்பானேன் என்று, “நல்லா சோப்புப் போட்டுக் கழுவு” என்பதோடு விட்டுவிட்டாள்.

ஆனால் மெசேஜ் இறங்கவில்லை. அதைத்தான் ப்ரியம்வதாவால் தாங்க முடியவில்லை. வடா கிடைத்தது, உண்மைதான். அது ஏதோ சட்டத்தின் ஓட்டைக்குள் நுழைந்து கிடைத்த வடா. மே மாதம் ஒரு பிறந்தநாளில் மறுபடி ஸ்டீல் தட்டு வந்தது. ஜூனிலும் வந்தது. நீலாவின் பிறந்தநாள் ஜூலை இரண்டாவது சனிக்கிழமை.

அதற்கு முந்தின ஞாயிறு ஆஷாட ஏகாதசி.

அந்த நாளில் மகாராஷ்டிரமே உபாஸ் இருக்கும். சொஸைட்டியின் கிளப் ஹவுஸில் சாயங்காலம் பஜனை. பஜனைக்கு முன்னால் ஆரோக்கியக் கமிட்டி சார்பில் இருபது நிமிஷ உரை என்று நோட்டீஸ் போர்டில் இருந்தது. தலைப்பு: ‘உபவாசம்: உடலின் மறுதொடக்கம்’. நிகழ்த்துபவர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

பாலச்சந்திரன் சொன்னதைச் செய்து காட்டுகிறவர். மகள் மூன்று மாதமாக இருக்கிறாள், அப்பன் ஒருநாள் இருக்க வேண்டாமா? முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவர், அதற்கப்புறம் வெந்நீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை. மணிக்கொரு தடவை குழுவில் அறிக்கை வந்தது. ‘பன்னிரண்டு மணி நேரம். மனம் தெளிவாக இருக்கிறது.’ ‘பதினாறு மணி நேரம். பசி என்பது ஒரு எண்ணம் மட்டுமே.’ பத்தொன்பதாவது மணி நேர அறிக்கையில் எழுத்துப் பிழைகள் வந்தன. இருபதாவது வரவில்லை. சோபாவில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மோதிரம் மட்டும் அவர் தூங்குவதாகத் தப்பாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது.

கிளப் ஹவுஸ் நிறைய ஜனம். பின்பக்க மேஜையில் மூடிபோட்ட பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. பாலச்சந்திரன் மைக்கைப் பிடித்துக்கொண்டார். மைக்கும் அவரைப் பிடித்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும், விட்டிருந்தால் விழுந்திருப்பார். தனக்குத் தெரிந்த ஹிந்தியில் முன்னோர்கள், செல்கள், நோபல் வாங்கிய ஜப்பான்காரர் ஒருவர் என்று சுற்றி வந்து, கடைசியில் முன்வரிசையைக் காட்டினார்.

“என் மகள். பன்னிரண்டு வயது. ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும், காலையிலிருந்து ராத்திரி வரை, ஒரு பருக்கை உணவு இல்லாமல்.”

கைதட்டல் எழும்பி, எங்கேயோ நடுவில் தயங்கி, நின்றது. சுஷ்மா காகூ நாற்காலியிலிருந்து எழுந்திருந்தாள்.

“ஒரு பருக்கை இல்லாமலா?” அவள் குரலில் கேலி இல்லை, நிஜமான கவலைதான் இருந்தது. பாலச்சந்திரனை அண்ணா என்கிற மாதிரி பாவ்ஜி என்றுதான் கூப்பிடுவாள். “அப்போ எங்க வீட்ல போன குருவாரம் நாலு வடா தின்னது யாரு? பாவ்ஜி, கொழந்தையப் பட்டினி போடற மாதிரிப் பேசறீங்களே. உபாஸ்னா சாப்பிடாம இருக்கிறதுன்னு யார் சொன்னது உங்களுக்கு?”

அப்புறம் கிளப் ஹவுஸ் முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை, வயிறு நிறைந்தவர்களின் நல்ல சிரிப்பு. வயிறு காலியாக நிற்கிறவனுக்கு அது கூடுதலாகக் கேட்கும்.

பாலச்சந்திரன் மைக்கிலேயே தமிழுக்குத் தாவினார். “ப்ரியம்வதா. வடை தின்னியா?”

எல்லாரும் திரும்பினார்கள். ப்ரியம்வதா எழுந்து மேடைக்கே போனாள்.

“தின்னேன்.”

“எத்தன நாளா?”

“எல்லா வியாழக்கெழமையும்.”

“என்னை ஏமாத்திட்ட.”

“நீங்க கேக்கவே இல்ல. நான் மொத நாள் உபவாஸ்னு சொன்னது உங்க மெசேஜுக்காக. அத எடுக்கற வரைக்கும் சாப்பிட மாட்டேன்னு சொல்ல வந்தேன். நீங்க காரணம் முக்கியமில்லன்னு சொல்லிட்டீங்க. குழுவுல போட்டுட்டீங்க. எல்லாரும் கைதட்டிட்டாங்க.”

பாலச்சந்திரன் மேடையோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். “உங்க தாத்தாவுக்கு…” என்று ஆரம்பித்தார்.

“தாத்தாவுக்குக் கால் எடுத்தாங்க. தெரியும்ப்பா. எனக்கும் பாவமாத்தான் இருக்கு. அதுக்காக ஊர் பூரா எனக்கு வியாதின்னு நெனைக்கணுமா?” அவள் மைக்கிலிருந்து விலகிப் பேசினாள். இனிமேல் பேசப்போவது அவருக்கு மட்டும். “மொத நாள் ஏழு தின்னேன். வயிறு வலிச்சுது. அடுத்த வாரம் அஞ்சு. இப்ப நாலு. நாலுக்கு மேல காகூ வெச்சாலும் வேணாம்ங்கறேன். யாரும் சொல்லல. நீங்க சொல்லல, காகூ சொல்லல. எனக்கே தெரிஞ்சுது. வெள்ளரிக்கா தட்டுல என்னத்தத் தெரிஞ்சுக்கறது?”

பாலச்சந்திரன் கைக்குட்டையைத் தேடினார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது, சாபுதானா மாதிரியே.

அதற்குள் பின்மேஜையிலிருந்து சுஷ்மா காகூ ஒரு தட்டோடு வந்துவிட்டாள். சாபுதானா கிச்சடி, இரண்டு வடா, ஒரு கடலை உருண்டை. “முதல்ல சாப்பிடுங்க பாவ்ஜி. பேச்சு அப்புறம். உபாஸாலா சாலதே.”

கிரிஜா பின்னாலேயே வந்தாள். “சாப்பிடுங்க. இங்க மயக்கம் போட்டு விழுந்தீங்கன்னா தூக்கிட்டுப் போறதுக்கு எனக்குத் தெம்பில்லீங்க. லிஃப்டும் ஓடல.”

அவர் கை தட்டுக்கு நீண்டது. தட்டு அங்கே இல்லை. ப்ரியம்வதா அதைக் காகூவிடமிருந்து வாங்கித் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மொதல்ல மெசேஜ்.”

“ப்ரியு, தட்டைக் குடு” என்றாள் கிரிஜா. கண்டிக்கிற வார்த்தை, கண்டிக்காத குரல்.

“மெசேஜ எடுத்தா தரேன். பெரிய ஆளுங்க உபவாஸ் முடிக்கறப்போ எதிர்க்கட்சிதான் வந்து குடுக்கும். புக்ல இருக்கு.”

பாலச்சந்திரன் வடாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். இருபத்திரண்டு மணி நேரமாகப் பசி ஓர் எண்ணம் மட்டுமாக இருக்கவில்லை. போனை எடுத்துக் குத்தியிருந்ததைக் கழற்றினார். “ஆச்சு. குடு.”

“அழிங்க.”

“பழைய மெசேஜ அழிக்க முடியாது. டைம் தாண்டிருச்சு.”

“அப்ப புதுசா போடுங்க.”

அவர் தட்டச்சு செய்தார். ‘வாரம் ஒருமுறை, மேற்பார்வையுடன், அளவுக்குட்பட்டு, முன்கூட்டியே தெரிவித்த பட்சத்தில்…’ என்று ஓடியது. ப்ரியம்வதா தோளுக்கு மேலிருந்து படித்தாள். தட்டை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டாள்.

“குடுங்க, நான் போடறேன்.”

அவர் கொடுத்துவிட்டார். பசிதான் காரணம் என்று பிற்பாடு அவர் எல்லாரிடமும் சொன்னார், அது பாதி உண்மை. அவள் ஒற்றைக் கையால் ஒரே வரி அடித்தாள். ‘ப்ரியம்வதாவுக்கு என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று ப்ரியம்வதாவிடம் கேட்கவும். பாலச்சந்திரன், பி 703.’ அனுப்பினாள். குழுவின் உச்சியில், தண்ணீர் லாரிக்கும் லிஃப்டுக்கும் கீழே, முப்பது நாளுக்குக் குத்தினாள். கிளப் ஹவுஸில் இருநூறு போன்கள் ஒரே நேரத்தில் முனகின.

அப்புறம்தான் தட்டைக் கொடுத்தாள். பாலச்சந்திரன் முதல் வடாவை மரியாதைக்காக மெதுவாகக் கடித்தார். இரண்டாவதில் மரியாதை பார்க்கவில்லை. மூன்றாவதை அவரே மேஜைக்குப் போய் எடுத்துக்கொண்டார். நாலாவதுக்குக் கை போனபோது மகளைத் திரும்பிப் பார்த்தார். அவராகவே கையை இழுத்துக்கொண்டார். ஜவ்வரிசியில் சத்து ஒன்றுமில்லை, வெறும் மாவு என்று பக்கத்திலிருந்தவரிடம் வாயில் மென்றுகொண்டே விளக்கினார்.

சனிக்கிழமை நீலாவின் பிறந்தநாள். ஃப்ரிட்ஜில் காந்தம் மட்டும் இருந்தது, காகிதம் இல்லை. கேக் வெட்டினார்கள். ப்ரியம்வதாவுக்குப் பேப்பர் தட்டு. அதன் விளிம்பில் கார்ட்டூன் யானைகள். அவள் அந்த யானைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சாக்லேட் கேக் ஒரு துண்டு, வடாபாவ் ஒன்று. பாவோடு சேர்ந்த நிஜமான வடா. பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று, வடா வடா தின்பதைக் கைதட்டிப் பார்த்தார்கள். காரத்தில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

“காகூ, என் வெள்ளரிக்கா எங்க?”

“அதான் இனிமே வேண்டாமே?” என்றாள் சுஷ்மா காகூ.

“யார் சொன்னது? எனக்கு வெள்ளரிக்கா புடிக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு.”

காகூ புலம்பிக்கொண்டே வெள்ளரிக்காய் நறுக்கப் போனாள். பாதி நறுக்கியபோது சமையல் மேடையில் இருந்த அவள் போன் முனகியது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள்.

“உங்க அப்பா. எதிர் ஃப்ளாட்ல இருந்துக்கிட்டே மெசேஜ் பண்றார். கேக் எத்தனை துண்டு சாப்பிட்டான்னு கேக்கறார். என்ன பதில் போட?”

ப்ரியம்வதா வெள்ளரித் துண்டு ஒன்றை எடுத்து மிளகாய்த்தூளில் புரட்டினாள்.

“பின் பண்ணினதப் பாருங்கன்னு போடுங்க காகூ.”